மாடியிலிருந்து இறக்கிய தையல் மிஷின்

எனக்கு முடிச்சுப் போடத் தெரியும், அவிழ்க்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. எங்கள் தெருக்காரர்களுக்கு அது ஒரே நாளில் தெரிந்துவிட்டது.

ஆத்தூருக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் நடுவே, குளத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் நான் அப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன் (இப்போதும் அதே கடைதான்; முன்னேற்றம் என் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை). மழைக்காலத்துக்கு முன்னால், புயல் பயிற்சிக்கு ஊருக்கு ஒருவர் தூத்துக்குடிக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மற்ற எல்லாருக்கும் வேலை இருந்தது. நான் போனேன்.

அங்கே கையில்லாத ஒரு மஞ்சள் கோட்டும் விசிலும் கயிறும் கொடுத்தார்கள். கோட்டின் முதுகில் 'மீட்பாளர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. கண்ணாடியில் அதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பி எனக்குச் சுளுக்கே பிடித்தது. காலை வகுப்பில் கடற்கரைக்காரர் ஒருவர் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார். "இது நனைய நனைய இறுகும், வே. காத்து என்ன ஆட்டம் போட்டாலும் விடாது" என்றார். மதியத்துக்கு மேல் 'கடலோரம் இல்லாத ஊர்களுக்கு' என்று தனி வகுப்பு இருந்தது. என்னை அனுப்பியதே அதற்குத்தான். ஆனால் பிரியாணி சாப்பிட்டு முடித்ததும், நம் ஊரைப் பற்றி இவர்கள் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள் என்று தோன்றியது. அந்த ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து, கொடுத்தனுப்பிய வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். கடலோர ஊர்களுக்குச் சிவப்பு, அடுத்த வரிசைக்கு மஞ்சள். எங்கள் ஊர் வெறும் வெள்ளை. புயல்கூட நம்மை ஒரு பொருட்டாக மதிக்கவில்லையே என்று மனசு விட்டுப்போனது. வரைபடத்தை முப்பது பிரதி எடுத்து, மகளுடைய ஸ்கெட்ச் பேனாவால் எங்கள் ஊருக்கு நானே சிவப்பு அடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். பாதியில் சிவப்பு தீர்ந்துபோனதால் மீதிப் பேருக்கு ஆரஞ்சு அடிக்க வேண்டியதாயிற்று. பலசரக்குக் கடை தவசி அண்ணாச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏலே, எதுத்த வீட்டுக்குச் சிவப்பு, எனக்கு மட்டும் என்ன ஆரஞ்சு?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரமே, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாயிற்று என்று டிவியில் சொன்னார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு விசில் ஊதிக்கொண்டே தெருவில் இறங்கினேன். என் அறிவுக்கு எட்டியவரை புயல் என்றால் காற்று. காற்று மாடியைத்தான் முதலில் பிடிக்கும். ஆகவே மாடியில் இருப்பதையெல்லாம் கீழே இறக்க வேண்டும், இறக்கித் தூணோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இதை நான் சொன்னதும் தெருவே கேட்டது. அதுவரை என் சொல்லை என் வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை. அந்த மயக்கத்தில் வீடு வீடாகப் போய் நானே கட்டிக்கொடுத்தேன்.

எதிர்வீட்டு முத்துலட்சுமி அக்கா மட்டும் தயங்கினாள். கணவர் இறந்த பிறகு, மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் மோட்டார் வைத்த தையல் மிஷினை வைத்துக்கொண்டு, மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்த மிஷின் ஓடினால்தான் அந்த வீடு ஓடும். ஏரலில் ஒரு கல்யாணம், மணப்பெண்ணின் ஐந்து ரவிக்கைகள் தைப்பதற்கு வந்திருந்தன.

"தம்பி, மேலயே கெடக்கட்டுமே. மழத்தண்ணி கீழல்லா வரும்?" என்றாள்.

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.) "தண்ணி கடக்கரைக்காரங்க கவலைக்கா. நமக்குக் காத்துதான். நான் படிச்சுட்டு வந்திருக்கேன்லா?"

அக்கா என் கோட்டை ஒரு தடவை பார்த்தாள். "சரி, நீ சொன்னாச் சரிதான்" என்றாள். நாலு பேர் சேர்ந்து மிஷினைக் கீழே இறக்கினோம். ரவிக்கைத் துணிகளை ஒரு சூட்கேஸில் போட்டு அதன் மேல் வைத்து, தூணோடு சேர்த்து ஏழு முடிச்சுப் போட்டேன்.

காற்று வரவே இல்லை. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. மழை மட்டும் அன்று பகலும் இரவும் விடாமல் பெய்தது. மறுநாள் காலையில் நான் தெருமுனையில் குடையோடு நின்று, கடல் இருக்கும் கிழக்குத் திசையையே கண்காணித்துக்கொண்டிருந்தேன். மேற்கே குளங்கள் ஒவ்வொன்றாக நிரம்பி, எங்கள் குளமும் நிரம்பி வழிந்தது எனக்குத் தெரியாது. கணுக்கால் சில்லென்றது. பின்னாலிருந்து தவசி அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"ஏலே மீட்பாளரு, கொஞ்சம் திரும்பிப் பாரு."

தண்ணீர் எனக்குப் பின்னால் தெரு முழுக்க நடந்து வந்துகொண்டிருந்தது. எல்லாரும் கீழே இறக்கியதை மேலே ஏற்ற ஓடினார்கள். ஆனால் எல்லாம் கட்டிக் கிடந்தது. முடிச்சுகள் நனைந்திருந்தன. கற்றுக்கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. அரிவாள் எங்கே, கத்தி எங்கே என்று வீட்டுக்கு வீடு சத்தம், நடுநடுவே என் பெயர், அதற்கு முன்னும் பின்னும் அச்சில் ஏற்ற முடியாத சில சொற்கள்.

நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. நகம் பெயர்ந்தது, பல்லால் கடித்தும் பார்த்தேன், முடிச்சு அசையவில்லை. அக்கா துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். பெற்ற மகளைக்கூடத் தொட விடாத கத்தரிக்கோல் அது. அதை வைத்துக் கயிற்றை அறுத்தாள். சூட்கேஸ் கழன்றதும் என் தலையில் தூக்கி வைத்தாள்.

"இத மொதல்ல மேல கொண்டு போ. கல்யாணப் புள்ள துணி."

நான் வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஐந்தாவது முடிச்சில் கத்தரிக்கோல் மழுங்கியிருந்தது. கடைசி முடிச்சு விடுபடும்போது மோட்டாருக்கு மேல் தண்ணீர் போய்விட்டது.

காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்று நான் சொன்ன ஆஸ்பெஸ்டாஸ் கூரை அப்படியே இருந்தது. அதன் அடியில், மிஷின் இருந்த வெற்றிடத்தில் உட்கார்ந்து அழுதேன். என்னை நம்பிய ஒருத்தியின் பிழைப்பைக் கயிறு போட்டுக் கட்டித் தண்ணீரில் முக்கியிருக்கிறேன். அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளோ ஒரு துண்டை என் மேல் போட்டு, "அழாதலே. தலையத் துவட்டு" என்றாள். என் மனைவி சாப்பிட ஏதோ கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினாள். பார்த்தால் மக்ரூன் பொட்டலம். வீட்டில் நனையாமல் தப்பியது அது ஒன்றுதானாம்.

தண்ணீர் வடிந்ததும் மிஷினை வண்டியில் கட்டித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனேன் (கட்டியது நான் இல்லை, மனைவி). அது சரியாகி வரும்வரை அக்கா என் ஜெராக்ஸ் கடையில், என் மாமியாரின் பழைய கால் மிஷினில் தைத்தாள். பல நாள் மிதித்தது நான். ஐந்து ரவிக்கைகளும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஏரல் போய்ச் சேர்ந்தன.

அடுத்த வருடப் பயிற்சியில் மதிய வகுப்பில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். முதல் கேள்வியே, 'உங்கள் ஊரில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும்?' என்பதுதான். வகுப்பிலேயே உரக்கப் பதில் சொன்னவன் நான் ஒருவன்தான்.

இப்போதும் மழை அறிவிப்பு வந்தால் தவசி அண்ணாச்சி கடைக்குள்ளிருந்தே, "மீட்பாளரு என்ன சொல்லுதாரு? கேட்டுட்டு வாங்க, அதுக்கு எதிர்மாறாச் செய்வோம்" என்பார். என் வீட்டில் எதையாவது எடுத்து வை என்றால், "கீழயா, மேலயா?" என்று மகள் கேட்காமல் இருப்பதில்லை.

அந்த மஞ்சள் கோட்டை அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். ஒருநாள் மாடிக்குப் போனபோது, அது மிஷினுக்கு உறையாகத் தைக்கப்பட்டிருந்தது. 'மீட்பாளர்' என்ற எழுத்து முன்பக்கம் தெரிய, அடியில் ஒரே இழுப்பில் அவிழும்படி நாடா முடிந்திருந்தது. தைக்க வருகிறவர்கள் எல்லாரும் அதென்ன என்று கேட்கிறார்கள். அக்கா கதையைச் சொல்கிறாள். அந்தக் கதையில் வருடத்துக்கு ஒரு சாண் தண்ணீர் கூடுகிறது. மானம் போகிறது, கழற்றிவிடுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"கெடக்கட்டும் தம்பி" என்றாள் அக்கா. "ஒரு தடவ கீழ இறக்குனதுக்கு, இனிமே மேல இருந்து காவல் காக்கட்டும்."