மாஸ்டரின் இடுப்பளவு

தம் கண்ணுக்குத் தப்பிய தையல் இன்னும் தைக்கப்படவில்லை என்பது மாஸ்டரின் கட்சி. தெருவில் போகிற சட்டையைக் கடைக்குள் இருந்தே பார்த்து, இடது தோள் ஒரு நூல் இறக்கம் என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷத் தையற்கடை. பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவர் மனைவி. அந்த அம்மாளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே தாம்தான் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

ஊரார் இடுப்பையெல்லாம் அளந்த மனிதர், தம் இடுப்பில் மட்டும் டேப்பை வைத்ததில்லை. அளவுப் புத்தகத்தில் அவருக்கு என்றைக்கும் முப்பத்திநாலுதான், கல்யாணத்துக்கு எடுத்த அளவு. துணி வெட்டும்போது மட்டும் கத்தரிக்கோல் வருஷா வருஷம் தாராளமாகிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் பத்தாவது படிக்கும் மகள் ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனையில் சேர்ந்தாள். எடை கூடிய பிள்ளைகளுக்கானது, பன்னிரண்டு வாரம். எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டுப் பட்டியல், தினமும் காலையில் ஒரு மணி நேர நடை. கூடவே தினம் ஒரு சத்து மாத்திரை. ஆனால் பாதிப் பேருக்குத்தான் உள்ளே மருந்து. மீதிப் பேருக்கு வெறும் மாவு. மாத்திரையால் கூடுதலாக ஏதாவது பலன் உண்டா என்று பார்க்கிறார்களாம். யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது. அந்த விவரம் ஒட்டி மூடிய உறைக்குள் கிடக்கிறது.

மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், ஒன்றைத் தவிர.

"தனியா நடக்க மாட்டேன். முக்குல நிக்கிறவங்க எல்லாம் என்னையே பாக்குறாங்க. அப்பா வந்தா போறேன்."

"நானா?" என்றார் மாஸ்டர். "நான் எதைக் குறைக்கணும்? கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்."

"சர்க்கரை எல்லையில நிக்குதுன்னு டாக்டர் ரெண்டு வருஷமா சொல்றாரு," என்றாள் மனைவி.

"நிக்கத்தானே செய்யுது? தாண்டலையே."

அம்மாதான் முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டே கூடப் போனாள். வாரக் கடைசியில் முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு வாரம் நடை விட்டுப்போனால் பெயரை அடித்துவிடுவோம் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். மகள் ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மாஸ்டருக்கோ அந்த வாரம் முழுக்க வேறு கவலை. மருந்தா மாவா? துணியைத் தொட்ட மாத்திரத்தில் பருத்தியா கலப்படமா என்று சொல்கிறவரால் இதைத் தாங்க முடியவில்லை. டப்பாவில் உபரியாக ஐந்து மாத்திரை இருந்தது. யாருக்கும் தெரியாமல் நாளுக்கு ஒன்றாக மூன்றை விழுங்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை தெரிந்தது. பேன்ட் கொக்கி மாட்ட மறுத்தது.

"ஏம்மா, பேன்ட் சுருங்கிடுச்சா?"

"வேற போட்டுப் பாருங்க."

வேறு மூன்றும் அதே கதை.

"துணி மட்டம்."

"நாலு துணியும் ஒரே நாள்லயா சுருங்கும்?" மனைவி காஜாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏதாவது புதுசா சாப்பிட்டீங்களா?"

மாஸ்டருக்கு வியர்த்தது. அட, இது இளைக்க வைக்கிற மாத்திரை இல்லை, ஊத வைக்கிற மாத்திரை. வெளியே சொன்னால் திருட்டு அம்பலமாகும். மறுநாள் விடியுமுன்னே கட்டிலுக்கு அடியில் குனிந்து மகளின் ஷூவை அவரே எடுத்து வைத்தார்.

"பெத்த பொண்ணைத் தனியா அனுப்ப நான் என்ன மரக்கட்டையா?" என்றார்.

முக்கில் வழக்கம்போல நாலு பேர் மகளைப் பார்த்தார்கள். மாஸ்டர் அவர்களைப் பார்த்தார்.

"தம்பி, காலர் கோணல். உனக்கு அக்குள்ல பிடிக்குது. உன் பேன்ட் தைச்சவன் மேல உனக்கு என்ன கோபம்?"

நாலு பேரும் குனிந்து தங்கள் உடுப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாள் முக்கு காலி. அந்தப் பெருமையில் மாஸ்டர் இன்னொரு சுற்று நடந்தார்.

ஆனாலும் வாரம் தவறாமல் பேன்ட் இறுக்கியது. உள்ளே போன மூன்றும் ஓய மாட்டேன் என்கிறதே என்று பயந்து, மகளின் பட்டியல்படியே சாப்பிட்டார். இரண்டாம் முறை பரிமாற வந்த கரண்டியைக் கையால் மறித்தார். டேப்பைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பன்னிரண்டாவது வாரம் மகள் ஏழு கிலோ குறைந்து, தலை நிமிர்ந்து ஆஸ்பத்திரிக்குள் போனாள். பார்த்த மாஸ்டருக்கு நெஞ்சு விம்மியது. அந்த வேகத்தில் உண்மையும் வெளியே வந்துவிட்டது.

"டாக்டர், இவ நடந்த நடைக்குத்தான் குறைஞ்சா. மாத்திரை ஆளை ஊத வைக்குது. நான் மூணு சாப்பிட்டேன். இன்னிவரைக்கும் ஊதிக்கிட்டே இருக்கேன்."

டாக்டர் மகளின் தினக்குறிப்பு அட்டையைத் திருப்பிக் காட்டினார். முதல் வாரத்துக்கு நேரே மனைவியின் கையெழுத்தில், 'மூன்று மாத்திரை: அப்பா சாப்பிட்டார்.'

"அதுக்கும் இடுப்புக்கும் சம்பந்தமே இல்லை," என்றார் டாக்டர். நர்ஸ் டேப்பைச் சுற்றினாள். முப்பத்தாறரை.

"பாத்தீங்களா? முப்பத்திநாலா இருந்தது."

"நாப்பதா இருந்தது," என்றாள் மனைவி. "மத்தியானம் கடையில நீங்க தூங்கும்போது அளந்தேன்."

"அப்ப பேன்ட்?"

"முதல்ல ஒரு இஞ்ச் உள்ள பிடிச்சுத் தைச்சேன். அப்புறம் வாரா வாரம் கால் இஞ்ச். நாலு பேன்ட், பதினோரு வாரம். உங்க கண்ணுக்கு நாப்பத்திநாலு தடவை தப்பிடுச்சு."

மாஸ்டர் இடுப்புப் பட்டியைப் புரட்டிப் பார்த்தார். ஒரு கோணல் கிடையாது, ஒரு நூல் பிசகவில்லை. குறை சொல்ல வாயைத் திறந்தவர், "யார்கிட்ட கத்துக்கிட்டவ," என்று டாக்டரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

பரிசோதனை முடிந்தது, இனிக் காலையில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று வீட்டில் அறிவித்தார். மனைவி அடுத்த காஜாவை எடுக்க ஆரம்பித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை பேன்ட் இறுக்கியது. பட்டியை வெளிச்சத்தில் பிடித்து அரை மணி நேரம் தேடினார். புதுத் தையல் எதுவும் கண்ணில் படவில்லை. தையலா தொப்பையா என்று மனைவியிடம் கேட்கப் பயந்து, ஷூவை மாட்டிக்கொண்டார்.