கருமாதிப் பை

செத்துப்போனவர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது, அன்புமொழி அவருடைய முகத்தைத்தான் பையில் அச்சடித்துக்கொண்டிருந்தாள்.

கந்தர்வக்கோட்டையில் தன் வீட்டுப் பின்கட்டில் வைத்துத் துணிப்பைகளுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் போடுகிறவள் அவள். வளைகாப்பு, காதுகுத்து, கடைத்திறப்பு என்று எது வந்தாலும் போடுவாள். இந்த முறை கருமாதி. பக்கத்துக் கிராமத்துக் கண்ணாத்தாள் என்கிற அம்மா போனில் சொல்லியிருந்தார்.

"பேரெல்லாம் வேணாம் ஆத்தா. படமும் கண்ணீர் அஞ்சலியும் போதும். பக்கத்து வீட்டுப் புள்ளைய விட்டு போட்டோ அனுப்பச் சொல்றேன்."

வந்த படத்தில் இருந்தவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. எந்தக் கிழவர் செத்தாலும் இளவயதுப் படத்தைத் தேடிக் கொடுப்பது ஊர் வழக்கம் என்பதால் அன்புமொழி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது அதே முகம், கூலிங்கிளாஸை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, முற்றத்தில் நின்றது. மை இழுக்கிற ரப்பர் கட்டை கையிலிருந்து நழுவி, மை அவள் காலில் வழிந்தது.

"பை போடறது இங்கதானே? நான் ரகுநாத், கண்ணாத்தா மகன். அப்பா கருமாதிக்காகச் சிங்கப்பூர்லேருந்து காலையிலதான் வந்தேன். என்னையவே நேர்ல போய்ப் பாத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க அம்மா."

அன்புமொழிக்குப் புரிந்தது. அனுப்பிய பிள்ளை அப்பா படத்துக்குப் பதிலாக மகன் படத்தை அனுப்பியிருக்கிறது. பின்னால் கொடி முழுக்க, உயிரோடு இருக்கிற ஒரு மனுஷன் கண்ணீர் அஞ்சலி வாங்கிக் காய்ந்துகொண்டிருந்தான்.

"இன்னும் காயலண்ணே," என்றாள், வாசலை மறித்துக்கொண்டு.

"அப்ப உக்காந்திருக்கேன்."

"மை வாடை ஒத்துக்காதுண்ணே. தல சுத்தும். டீக்கடை வரைக்கும் போயிட்டு வாங்க."

அவர் காரை எடுத்துக்கொண்டு போனதும், மினிபஸ் கண்டக்டரான அவள் கணவன் நிலவழகன் அடுப்படியிலிருந்து வந்தான். கொடியைப் பார்த்தான். கேட்டைப் பார்த்தான்.

"இப்பப் போனது யாரு?"

"பையில இருக்கிறவரு."

நிலவழகன் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டான். விஷயத்தை அவள் சொல்லி முடித்ததும், "தின்னர் போட்டுத் தொடச்சா அழிஞ்சிரும்," என்றான்.

அழியவில்லை. கன்னத்தில் இருந்த மை கொஞ்சம் உரிந்து, மீதி கண்ணுக்குக் கீழே கறுப்பாகத் தேங்கி நின்றது. ஆள் மாறவில்லை. அதே ஆள் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்ததுபோல் ஆனார். அதற்குள் நிலவழகன் எல்லாப் பைகளையும் துடைத்து முடித்திருந்தான்.

"ஒரு பையில தொடச்சுப் பாத்துட்டு மத்ததுல கை வச்சிருக்கக் கூடாதா?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்னுதான்."

வேறு துணி வாங்கத் தஞ்சாவூர்தான் போக வேண்டும். விடிந்தால் கருமாதி. கண்ணாத்தாளுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எடுத்தாலும் எப்படிச் சொல்வது? புருஷனைப் பறிகொடுத்தவரிடம், உன் பிள்ளையையும் சாகடித்துவிட்டேன் என்றா?

ரகுநாத் திரும்பி வந்தார். அவள் துணிந்து கேட்டாள்.

"அண்ணே, அப்பா படம் ஒங்க போன்ல இருந்தாக் காட்டுங்க. ஒருதடவ சரிபாத்துக்கிறேன்."

"இருக்குமே."

அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். கப்பல் வந்தது. நண்டு வந்தது. புதுக் கார் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வந்தது. அப்பா வரவில்லை.

"பழைய போன்ல இருந்துச்சு," என்றார். "படுத்துட்டாருன்னு சொன்னப்பவே வரணும்னுதான் பாத்தேன். லீவு அமையல. எடுக்கிற அன்னிக்கும் வீடியோவுலதான் பாத்தேன், அதுவும் சிக்னல் சரியில்ல."

"ஆளு எப்படி இருப்பாங்க?"

"கண்ணாடி போட்டிருப்பாரு. முடி வெள்ள."

"மீசை?"

அவர் கொஞ்ச நேரம் தென்னைமரத்தைப் பார்த்தார். "இருந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன்."

அவரைக் காருக்குள் ஏசியில் உட்காரவைத்துவிட்டு, அவள் புதிதாக ஒரு ஸ்கிரீன் தயார் செய்தாள். கறுப்பில் தடிமனான கண்ணாடி, வெள்ளையில் தலைமுடியும் மீசையும். ஒவ்வொரு பையாக எடுத்து, நிலவழகன் மூலையைப் பிடித்துக்கொள்ள, பழைய முகத்தின்மேல் மையை இழுத்தாள். அடிக்கிற வெயிலில் காய நேரமாகவில்லை. ஒரு பையைக் கார் ஜன்னலருகே கொண்டுபோய் நீட்டினாள்.

ரகுநாத் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் உதடு கோணியது.

"அப்பாதான்," என்றார். "அப்படியே என்னையப் பாக்கற மாதிரி இருக்கு."

பிறகு தன் முகத்தின்மேலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினார். நிலவழகன் திரும்பி நின்று வாயைப் பொத்திக்கொண்டான். அன்புமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரோடிருப்பவன் தன் அஞ்சலிக்குத் தானே அழுவதைப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது. பெற்றவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அந்தக் காரிலேயே ஏறிக்கொண்டாள்.

முந்திரித்தோப்பைத் தாண்டி வீடு. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரகுநாத் பைக்கட்டை உள்ளே இறக்கிவைத்துவிட்டு, போன் வந்ததென்று வெளியே போனார். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படத்தை அன்புமொழி அப்போதுதான் பார்த்தாள். தடிமனான கண்ணாடி, நரைத்த முடி, வெள்ளை மீசை, ஒட்டிப்போன கன்னம். பையில் இருந்தவரேதான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்த கண்ணாத்தாள் ஒரு பையை எடுத்து மடியில் விரித்தார். வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் அந்த வெள்ளை மீசையைத் தேய்த்தார்.

"இது எங்க வீட்டுக்காரரு மாதிரில்ல இருக்கு?"

"மன்னிச்சுக்குங்கம்மா," என்று அன்புமொழி பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க பக்கத்து வீட்டுப் புள்ள படத்த மாத்தி அனுப்பிருச்சு. அதுல இருந்தது ஒங்க மகன். நானும் பாக்காம அடிச்சிட்டேன். நல்லவேளை, கடைசி நேரத்துல சரி பண்ணிட்டேன்."

கண்ணாத்தாள் வாசலில் போன் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். பிறகு பையை மடித்துக் கீழே வைத்தார்.

"படம் மாறல ஆத்தா. எனக்குச் செத்தவன் எவனோ, அவன் படத்தத்தான் அனுப்பச் சொன்னேன்."