ஏழு விமானமும் ஒரு ஸ்டூலும்

இந்த வருடம் எப்படியாவது ஆகாயத்தில் ஏறிவிடுவது என்று நான் சபதம் எடுத்த அன்று காலை, என் மனைவி என்னை ஸ்டூலில் ஏறச் சொன்னாள்.

"என்னங்க, ஃபேன்ல தூசி ஒரு விரக்கடை நிக்குது. ஏறித் துடைங்க."

"ஒரு நாளாவது நீ ஏறேன்."

"நல்லா இருக்கே! உயரம்னா எனக்குத் தலை சுத்தும்னு உங்களுக்குத் தெரியாதா? கல்யாணமாகி பத்தொம்பது வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் புதுசா கேக்கறீங்க."

தெரியாமல் என்ன. பரண் மேலிருந்து பெட்டி எடுப்பது, பல்பு மாற்றுவது, திரைச்சீலை மாட்டுவது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி வைத்து ஏறுவது எல்லாம் என் இலாகா. தரையில் நடக்கிற மற்ற எல்லாம் அவள் இலாகா. அதாவது வீடு அவளுடையது, வீட்டுக்குள் இருக்கிற காற்று என்னுடையது.

ஏறினேன். மேலே நின்றபடியே விஷயத்தை எடுத்தேன். முக்கியமான எதையும் நான் ஸ்டூல் மேல் நின்றுதான் அவளிடம் சொல்வேன். அங்கேதான் நான் அவளைவிட உயரம்.

"ஊருக்கு வெளிய ஃப்ளையிங் கிளப் இருக்கில்ல? அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை அங்க பழைய விமானக் கண்காட்சி. எல்லாம் இரட்டை இறக்கை விமானம். மேல ஒரு இறக்கை, கீழ ஒரு இறக்கை."

"மூணு இறக்கை ஃபேனைத் துடைக்கவே உங்களுக்கு முக்கா மணி ஆகுது."

"கேளேன். ஏழு விமானம் நிக்கும். ஏழும் ஒரே கம்பெனி செஞ்சது. எது எந்த மாடல்னு ஏழுக்கு ஏழு சரியா எழுதறவங்களுக்கு ஒரு சவாரி. ஒரே ஒரு சீட்டு. மேல மூடியே கிடையாது. பைலட்டுக்கு முன்னாடி உட்கார வச்சு ஊரைச் சுத்திக் காட்டுவாங்க."

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"அந்த சீட்டு எனக்கு வேணும்."

சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசகிவிட்டது. அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பள்ளி யூனிஃபார்ம் தைக்கிற சீசனில் அவள் மெஷினை நிறுத்துவது சாதாரண விஷயமில்லை.

காரணம் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். தடதடவென்று சத்தம். இரட்டை இறக்கை விமானம் ஒன்று மரங்களை உரசுகிற மாதிரி தாழப் பறந்து வந்தது. பைலட்டின் தலை வெளியே தெரிந்தது. தோல் தொப்பி, பெரிய கண்ணாடி. அவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். என்னைத்தான், மைதானத்தில் வேறு ஆளே இல்லை. நான் பதிலுக்குக் கையசைக்கவில்லை. என் கால்சட்டையில் அன்றைக்குப் பொத்தான் இல்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விமானம் போய்விட்டது. நாற்பத்திரண்டு வருடமாக அந்தப் பதில் என் கையிலேயே பாக்கி நிற்கிறது.

அந்த ஏக்கம் லேசுப்பட்டதல்ல. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊர்க்காரர்களின் பார்வையைச் சரிசெய்வது என் பிழைப்பு. ஆனால் மேலே ஒரு சத்தம் கேட்டால் போதும், போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடிவிடுவேன். ஒருமுறை சோதனைக் கண்ணாடி மாட்டியிருந்த ஒரு பெரியவர், "மூணாவது வரி தெரியலையே தம்பி" என்றபடி என் பின்னாலேயே நடுத்தெருவுக்கு வந்துவிட்டார். அவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிவந்தது எதிர்க்கடைக்காரர். நான் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதனால் போட்டிக்கு வெறித்தனமாகப் படித்தேன். அந்தக் கம்பெனி செய்தது மொத்தம் எட்டு மாடல். கடையில் கிடந்த பழைய பார்வைச் சோதனை அட்டைகளின் பின்பக்கம் படங்களை ஒட்டினேன். மாலையானால் ஹாலின் ஒரு கோடியில் நான் நாற்காலி போட்டு உட்காருவேன். மறு கோடியில் அவள் தைத்துக்கொண்டே ஒரு கையால் அட்டையைத் தூக்கிக் காட்டுவாள்.

"இது?"

"மூணு. மூக்குல எஞ்சின் மூடியில்லாம துருத்திட்டு நிக்குது பார்."

"இது?"

"அஞ்சு. கீழ் இறக்கை குட்டை."

"இது?"

"ரெண்டு."

"ஒண்ணு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஓரத்துல நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. ஆமா, இந்த இறக்கை என்ன தகரமா?"

"தகரமா! துணிம்மா. மரச்சட்டத்து மேல துணியை இழுத்து, தச்சு, வார்னிஷ் அடிப்பாங்க."

மெஷின் நின்றது. ஒரே மாதத்தில் இரண்டாவது முறை.

"துணியா? துணியைக் கட்டிக்கிட்டா மனுஷன் ஆகாசத்துல பறக்கறான்?" அட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். "ஆமாங்க, தையல் தெரியுது. நல்ல கை. ஓட்டுத்தையல் இல்ல, முடிச்சுப் போட்டுத் தச்சிருக்கான்."

அன்றிலிருந்து அவளே அட்டைகளை எடுத்துவைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் என் ஆசையில் அவள் பங்கெடுத்தது இதுதான் முதல் தடவை.

ஆபத்து நாலாம் மாடலிலும் ஆறாம் மாடலிலும் இருந்தது. இரண்டும் அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். புத்தகத்தில் ஒரே ஒரு வித்தியாசம்தான் போட்டிருந்தது. நாலுக்கு வால் வட்டம், ஆறுக்கு வால் நேராக வெட்டினாற்போல் இருக்கும்.

"ஏங்க, இன்னொண்ணும் இருக்கு," என்றாள் அவள். "நாலுல இறக்கைத் தையல் வரிசை அகல அகலமா போகுது. ஆறுல நெருக்கமா இருக்கு. எண்ணிப் பார்த்தேன், மேல் இறக்கையில ஒரு பக்கத்துக்கு நாலுல பதினாலு வரிசை. ஆறுல பதினேழு."

"அடடா, தையல்காரி புத்தியைக் காட்டறியே! விமானத்துல எவனாவது தையலை எண்ணுவானா? வாலைப் பாரு, வாலை!"

"சரி, உங்க வால், உங்க விமானம்," என்று சொல்லிவிட்டு அவள் காலரை மடித்துத் தைக்கத் தொடங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. புல்தரையில் ஏழு விமானங்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நம்பர்ப் பலகை. நான் பக்கத்தில் போனதும் எண்ணெயும் வார்னிஷும் கலந்த வாசனை வந்தது. ஓர் இறக்கையைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சூடாக, தட்டினால் மத்தளம் மாதிரி விறைப்பாக இருந்தது. இத்தனை வருடம் தலைக்கு மேலே போனது இப்போது என் இடுப்பு உயரத்தில் நின்றது. அழுகை வராமல் இருக்க மூக்கைச் சிந்தினேன்.

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார் கிளப் செயலாளர். வெள்ளை மீசை. விமானத்தை ஓட்டப்போகிறவரும் அவரேதான். அப்போதுதான் என் மூளையில் பல்பு எரிந்தது. ஆளுக்கு ஒரு தாள் என்றால் எங்கள் வீட்டுக்கு இரண்டு தாள். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

ஆறு விமானம் தண்ணீர்பட்ட பாடு. மளமளவென்று எழுதினேன். ஏழாவது விமானத்துக்கு வால் நேராக வெட்டினாற்போல் இருந்தது. ஆறாம் மாடல். சந்தேகமே இல்லை. ஆனால் என் மனைவி இறக்கைக்கு அடியில் போய் விரலை நீட்டி நீட்டி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இது நாலு."

"வாலைப் பார்த்தியா?"

"பார்த்தேன். துணியையும் பார்த்தேன். பதினாலுதான் இருக்கு. காலர் கிழிஞ்சா வேற காலர் வச்சுத் தைக்கறோம், அதனால சட்டை வேற சட்டையாயிடுமா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இருந்தாலும் யானைக்கும் அடி சறுக்கும் இல்லையா? அவள் காதில் குசுகுசுத்தேன். "இந்தா, முதல் ஆறையும் என்னைப் பார்த்து எழுதிக்க. ஏழுக்கு மட்டும் உன் இஷ்டப்படி நாலுன்னே போடு. நான் ஆறுன்னு போடறேன். யாருது சரியா இருந்தாலும் சீட்டு நம்ம வீட்டுக்குத்தான்."

"அப்ப எனக்குக் கிடைச்சா?"

"உனக்குத்தான் தலை சுத்துமே! எனக்குக் கொடுத்துடப்போற."

அவள் பேனாவை வாங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு, அழகாக நாலு என்று எழுதினாள்.

அரைமணி கழித்து மீசைக்காரர் ஒலிபெருக்கியைத் தட்டினார். "ஏழாம் நம்பர் எல்லாரையும் கவுத்துடுச்சு. அது நாலாம் மாடல். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி தரையிறங்கறப்ப வால் உடைஞ்சுபோச்சு. அந்த மாடலுக்கு வால் கிடைக்கல. ஆறாம் மாடல் வாலைத்தான் மாட்டியிருக்கோம். வாலை மட்டும் பார்த்தவங்க அத்தனை பேரும் ஆறுன்னு எழுதிட்டாங்க. ஒரே ஒரு அம்மா மட்டும்தான் ஏழுக்கு ஏழு!"

என் மனைவியின் தாளைத் தூக்கிக் காட்டினார்.

நான் துள்ளினேன். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது! என் புத்திசாலித்தனத்தை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். சட்டைப் பையிலிருந்ததை எல்லாம் எடுத்து அவள் கையில் திணித்தேன். மேலே போனால் விழுந்துவிடும் அல்லவா? மீசைக்காரர் கையில் தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியுமாக வந்தார். அதே மாதிரி தொப்பி. நான் தலையை நீட்டினேன்.

அவர் என்னைத் தாண்டி அவளிடம் போனார். "நீங்களே வர்றீங்களாம்மா, இல்ல வேற யாருக்காவது விட்டுக்கொடுக்கறீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு விமானத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் கடையில் இருக்கிற முகம் பார்க்கும் கண்ணாடியில் நான் தினமும் பார்க்கிற பார்வை அது.

"நானே வர்றேன்," என்றாள்.

"ஏய்! உனக்குத் தலை சுத்துமே!"

"ஸ்டூல்ல ஏறினா சுத்தும். ஏணியில ஏறினா சுத்தும். இதுல எப்படின்னு ஏறிப் பார்த்தாத்தானே தெரியும்?"

"நாப்பத்திரண்டு வருஷம்மா... எனக்கு அது..."

"தெரியும்ங்க." என் கையைப் பிடித்தாள். நான் கொடுத்த சாமான்களையெல்லாம் தன் கைப்பையில் போட்டு, பையை என்னிடமே கொடுத்தாள். "நான் பத்தொம்பது வருஷமா குனிஞ்சு துணியையே பார்த்துட்டிருக்கேன். ஒரே ஒரு தடவை குனிஞ்சு ஊரைப் பார்த்துட்டு வந்துடறேன். இந்தாங்க, செருப்பையும் பிடிங்க."

பத்தொன்பது வருடமாக அவள் குனிந்திருந்ததை நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கு எட்டியது ஒரு பையும் ஒரு ஜோடிச் செருப்பும்.

தொப்பியையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, கீழ் இறக்கையில் கால் வைத்து, ஒரே எட்டில் ஏறி, விளிம்பைத் தாண்டி உள்ளே உட்கார்ந்தாள். இத்தனை வருடம் ஸ்டூலுக்கு அஞ்சியவள்! எஞ்சின் தடதடத்தது. புல் எல்லாம் படுத்துக்கொண்டது. விமானம் ஓடி, குதித்து, எழும்பிவிட்டது.

அவள் போன பிறகு ஆகாயம் ரொம்பப் பெரிதாக இருந்தது. ஒரு புள்ளியாகி, ஊர்ப்பக்கம் திரும்பி, காணாமல் போய்விட்டாள். நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் விமானத்துக்கு ஏங்கினேனா, அவளுக்கு ஏங்கினேனா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அப்போது சத்தம் திரும்பி வந்தது. மரங்களை உரசுகிற மாதிரி தாழப் பறந்து வந்தது விமானம். முன் சீட்டில் ஒரு தலை. தோல் தொப்பி, பெரிய கண்ணாடி. என்னைப் பார்த்துக் கையசைத்தது.

என் ஒரு கையில் பை, ஒரு கையில் செருப்பு. ஒரு கணம் ஆறு வயதுப் பையனாகவே நின்றேன். அப்புறம் இரண்டையும் தரையில் வீசிவிட்டு, இரண்டு கையையும் தூக்கி, தோள் கழன்றுவிடும் அளவுக்கு ஆட்டினேன். விமானம் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

தரையிறங்கியதும் அவள் என்னை நோக்கி ஓடிவந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, முடியெல்லாம் பறந்து, கல்யாணத்தன்று பார்த்த மாதிரி இருந்தாள். இவளுக்காக ஒரு சீட்டு என்ன, ஏழு விமானத்தையும் விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றியது.

"எப்படி இருந்தது?" என்றேன்.

"நம்ம வீடு தெரிஞ்சுதுங்க! மொட்டை மாடியில தண்ணித்தொட்டி மூடி திறந்து கிடக்கு," என்றாள், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே. "போனதும் ஏணி வச்சு ஏறி மூடிடுங்க. எனக்குத்தான் உயரம்னா தலை சுத்துமே!"