பிஸ்கட் டின்னுக்குள் பூட்டிய கார்

தன் காரை மட்டும் எவனும் தொட முடியாது என்று மெர்வின் சபதம் எடுத்திருந்தார். வெரிபீயில் அவர் தெருவிலேயே அந்த மாதம் மூன்று கார்கள் திருடு போயிருந்தன. மூன்றுமே சாவியைத் திருகாமல் பொத்தானை அழுத்திக் கிளப்பும் ரகம். அந்தச் சாவி சும்மா கிடக்காது. ஓயாமல் சிக்னல் விட்டுக்கொண்டிருக்கும். திருடன் வாசலில் நின்றே ஒரு பெட்டியால் அதைப் பிடித்துக் காருக்குக் காட்டினால், எஜமான் வந்துவிட்டார் என்று நம்பிக் கார் கதவைத் திறந்துவிடும். ஆகவே மெர்வின் சாவியை அலுமினியத் தாளில் மூன்று சுற்று சுற்றி, பிஸ்கட் டின்னில் அடைத்து, தலைமாட்டில் வைத்துத் தூங்கினார். மனைவி நோலீனிடம் இருந்த மாற்றுச் சாவி தேயிலை டின்னுக்குப் போனது.

எழுபத்தெட்டு வயதில் அவருக்கு மிச்சமிருந்த ராஜ்ஜியம் அந்தக் கார்தான். "போதும்ப்பா, ஓட்டாதீங்க" என்று ஜீலாங்கிலிருந்து மகள் ட்ரூடி வாராவாரம் போனில் கெஞ்சுவாள். போன வாரம் பள்ளிக்கூட வாசலில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார். பிள்ளைகளைச் சாலை கடக்க விடும் அம்மாள் கையிலிருந்த 'நில்' பலகையை வீசிவிட்டு ஓடினாள். வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்று வீட்டில் சொன்னார். நோலீன் அவருடைய வெயில் தொப்பியை எடுத்துப்போய்க் காருக்குள் வைத்தாள். அதுதான் அவரைச் சுட்டது.

வியாழக்கிழமை காலை பார்த்தால் வாசல் காலி.

"நோலீன், காரைக் காணோம்."

"அப்போ திருட்டுதான்." அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"போலீசுக்குச் சொல்லணும்."

"சொல்லியாச்சு."

"நானே இப்பதானே பார்த்தேன்?"

"உனக்கு முன்னாடி எந்திரிச்சவ நான். டீ ஆறுது, குடி."

பக்கத்து வீட்டு மனோலிஸ் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "பெட்டி வெச்சுப் பிடிச்சிருப்பானுங்க, மெர்வ்."

"டின்னுக்குள்ள இருந்ததை எப்படிய்யா பிடிப்பான்?"

கேட்ட கேள்வி கேட்டவரையே பிடித்துக்கொண்டது. தேயிலை டின்னைத் திறந்தார். காலி. கார் ஷெட்டுக்குப் போனார். நேற்று வரை காருக்குள் கிடந்த கிளப்பில் அவர் புல்தரையில் உருட்டி ஆடும் பவுல்ஸ் பந்துகளின் பையும் வெயில் தொப்பியும் அங்கே வரிசையாக இருந்தன.

"நோலீன், திருடன் என் பந்துப் பையை இறக்கி வெச்சுட்டுப் போயிருக்கான்."

"நல்ல மனுஷன் போல."

"பிக்னிக் விரிப்பை நாலா மடிச்சு வேற வெச்சிருக்கான்."

"பரவாயில்லையே. இந்த வீட்டுல யாரும் மடிக்கிறதில்ல."

சொல்லிவிட்டு அவள் சட்டென்று பாத்திரம் தேய்க்கத் திரும்பிக்கொண்டாள். அடக்கிய சிரிப்பில் தோள் லேசாகக் குலுங்கியது. விடியற்காலையில் ட்ரூடி வந்து ஓட்டிப்போயிருக்கிறாள் என்று புரிய அவருக்கு நேரம் ஆகவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தார். பலகையை வீசிவிட்டு ஓடிய அம்மாள் கண்ணுக்குள் வந்தாள். ஷெட்டுக்கே திரும்பிப் போய், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அழுதார். இனி ஒரு பாட்டில் பால் வாங்கக்கூட இன்னொருவர் தயவு வேண்டும்.

சனிக்கிழமை மனோலிஸ் காரில் கிளப்புக்குப் போனார். ஆளாளுக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். "படுபாவிப் பயலுங்க" என்று திருடர்களைத் திட்டினார்கள். வயதாகிவிட்டது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. காரைப் பறிகொடுத்தவன் வேறு, காரைப் பிடுங்கி உட்காரவைத்த கிழவன் வேறு என்பது அவருக்கு அங்கேதான் உறைத்தது. நோலீன் தனக்கு எதை மிச்சம் வைத்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. அவரும் கதையை ஜோடித்து, தெருமுனை வரை துரத்தினதாகவே சொல்லிவிட்டார்.

தனக்கு விஷயம் தெரியும் என்பது நோலீனுக்குத் தெரியவே கூடாது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முடிவு செய்துகொண்டு வந்தார். இதிலாவது தான் ஜெயித்ததாக இருக்கட்டும்.

"கிளப்ல என்ன கேட்டாங்க?" நோலீன் தட்டு வைத்தாள்.

"எத்தனை பேரு வந்தானுங்கன்னு கேட்டாங்க. முகமூடி போட்ட மூணு பேருன்னு சொன்னேன்."

அவள் அவர் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தாள்.

"அக்கம்பக்கத்துல நான் ரெண்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன், மெர்வ். இனிமே நீயும் ரெண்டுன்னே சொல்லு."