குல்பி எண்ணெயில் விழுந்த விவரம்

ஓசூர்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி நாராயணப்பன் அவர்களுக்கு, சௌந்தரராஜன் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் சுகுணாவும் நலம். காவேரிப்பட்டினத்தில் நீங்களும் சம்பந்தியம்மாவும், பிரசவத்துக்கு வந்திருக்கும் நம் பிரவீனாவும் நலமாக இருக்க வேண்டும். 'இங்கு நலம்' என்ற வரியில் பூனையைக் காணோமே என்று நீங்கள் யோசிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பூனையும் இப்போது நலம். அந்த 'இப்போது' என்ற சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என் போன் வந்தாலே சம்பந்தியம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், பக்கத்திலேயே பிரவீனா இருக்கிறாள். ஒன்பதாம் மாதத்தில் இருக்கிற பெண் காதில் இது விழக்கூடாது. விஷயம் நம் இருவரோடு இருக்கட்டும்.

ஊருக்குக் கிளம்பும்போது உங்கள் மகள் குல்பியை என் கையில் கொடுத்து, "மாமா, நீங்க சேப்டி ஆபீசர். உங்கள நம்பித்தான் இத விட்டுட்டுப் போறேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிப்காட்டில் அத்தனை பேர் தலையிலும் ஹெல்மெட் மாட்ட வைக்கிறவனுக்கு ஒரு வெள்ளைப் பூனையைப் பார்த்துக்கொள்வது என்ன பெரிய காரியம்? ஞாயிற்றுக்கிழமை காலை, பைக்குக்கு நானே ஆயில் மாற்றுவது என்று உட்கார்ந்தேன். மெக்கானிக் இருக்கும்போது உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று சுகுணா கேட்டாள், நான் காதில் வாங்கவில்லை. பழைய ஆயிலை ஒரு அகன்ற பேசினில் வடித்து, அதை மூடாமல், செய்த வேலையை நானே மெச்சிக்கொண்டு டீ குடிக்க உள்ளே போனேன். திரவங்களைத் திறந்து வைக்காதே என்று கம்பெனிச் சுவரில் போர்டு மாட்டியவன் அடியேன்தான். மதில்மேல் பூனை என்பார்களே, குல்பி அந்த நேரம் நிஜமாகவே மதில்மேல்தான் இருந்தது. ஓர் அணிலைக் குறிவைத்துப் பாய்ந்தது, அணில் தப்பித்துவிட்டது. பால் வெள்ளையாகப் பாய்ந்த பூனை பேசினிலிருந்து கரிச்சட்டியாக எழுந்து வந்தது.

வந்து உட்கார்ந்து தன்னைத் தானே நக்க ஆரம்பித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பூனை எவ்வளவு சுத்தமான ஜீவன், யாருக்கும் வேலை வைக்காமல் தானே துடைத்துக்கொள்கிறதே என்று டம்ளரோடு நின்று ரசித்தேன். "ஏங்க, அத்தனையும் வயித்துக்குள்ள போகுது, வேடிக்கையா பாக்குறீங்க?" என்று சுகுணா கத்திய பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் கம்பெனி மூளை வேலை செய்தது, அதுதான் ஆபத்து. எங்கள் கம்பெனியில் கையில் ஆயில் பட்டால் துணியில் தின்னரை நனைத்துத் துடைப்பார்கள். அப்படிச் செய்யக்கூடாது என்று வகுப்பு எடுப்பவன் நான், வகுப்பு முடிந்ததும் அப்படியே துடைத்துக்கொள்பவனும் நான். கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தது போக மீந்திருந்த தின்னர் டப்பாவைத் திறந்தேன். வாசனை பட்டதுதான் தாமதம், பூனை என் தோளில் ஏறி முதுகு வழியாக இறங்கி மாடிப்படிக்கு அடியில் புகுந்துகொண்டது. சரி, டெட்டால் தண்ணீராவது விடுவோம் என்று வாளியைத் தூக்கினேன். சுகுணா வாளியையும் பிடுங்கி, டப்பாவையும் பிடுங்கி, "நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. டாக்டருக்கு மட்டும் போன் போடுங்க, போதும்" என்றாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு கால்நடை டாக்டர் இருக்கிறார். போனை ஓர் அம்மா எடுத்தார், கன்னடத்தில் பேசினார். கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று உங்களிடமே பீற்றியிருக்கிறேன். ஆகவே கம்பீரமாக, "மேடம், நம்ம பெக்கு பூரா எண்ணெ! நக்தா இதே! நில்லிஸ்தானே இல்லா!" என்றேன். பூனை முழுக்க எண்ணெய், நக்கிக்கொண்டே இருக்கிறது, நிறுத்தவே இல்லை என்பது என் எண்ணம். அந்த அம்மா இன்னொரு முறை சொல்லச் சொன்னார், சொன்னேன். பிறகு, "சார், நீவு எண்ணெ ஹாகிதீரா?" என்று கேட்டார். பேசினில் எண்ணெயை ஊற்றியது நீங்களா என்கிறார் போல, உண்மையை மறைப்பானேன் என்று, "ஹௌது மேடம், பெளிக்கேனே ஹாகிதே" என்றேன். காலையிலேயே ஊற்றினேன் என்று அர்த்தம். போனைத் துண்டித்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டு ஓனர் ஆஞ்சப்பன் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். கன்னடம் அவருக்கு வீட்டு மொழி. "சார், நக்தா இதேன்னா சிரிச்சுட்டு இருக்குதுன்னு அர்த்தம். நக்குறதுக்கு நெக்தா இதேன்னு சொல்லணும். அப்புறம், எண்ணெ ஹாக்கறதுன்னா அந்தப் பக்கம் சரக்குப் போடறது சார்!" என்றார். ஆக, சம்பந்தி, எங்கள் வீட்டுப் பூனை நிறைபோதையில் விடாமல் சிரிக்கிறது, நானும் காலையிலிருந்தே போட்டிருக்கிறேன் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மா போனை வைத்ததில் தப்பே இல்லை.

ஆஞ்சப்பன் தன் போனிலிருந்து பேசி டாக்டரையே பிடித்துக் கொடுத்தார். அவர் அழகான தமிழில் பேசினார், அதுதான் கொடுமை. "தின்னர், மண்ணெண்ணெய், டெட்டால், பினாயில் எதையும் கிட்ட கொண்டு போகாதீங்க, அது அதவிட விஷம். மொதல்ல நக்க விடாம டவல்ல சுத்திப் பிடிங்க. ஒட்டியிருக்கிறத காஞ்ச துணியால ஒத்தி எடுங்க. சமையல் எண்ணெயக் கொஞ்சம் தடவி, ஆயில் இளகினதும் பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி போட்டு வெதுவெதுப்பான தண்ணியில நல்லா அலசுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. கையோட இங்க கூட்டிட்டு வாங்க." எண்ணெயைப் போக்க எண்ணெயா என்று வாதாட வாயெடுத்தேன். சுகுணா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

நான் ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, கம்பூட் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தேன். இத்தனை வருட சர்வீஸில் அத்தனையையும் சேர்த்து மாட்டியது அன்றுதான். பூனை என்னை நன்றாகப் பார்த்து, மூடாமல் விட்ட ஒரே இடமான மூக்கில் ஒரு கோடு போட்டது. சுகுணா வெறும் கையால் டவலில் சுருட்டியதும் குழந்தை மாதிரி அடங்கியது. தடவி, கழுவி, அலசி, மறுபடி தடவி, கறுப்புத் தண்ணீர் சாம்பல் நிறமாகி, தெளிய வெகுநேரம் ஆனது. நடுவில் அது கத்துவதை நிறுத்திவிட்டு, நடுங்கிக்கொண்டே என் உள்ளங்கையில் தலையைச் சாய்த்தது. உங்களிடம் சொல்வதற்கு என்ன, அழுதுவிட்டேன். இதற்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற ஒரே பயம்தான். கண்ணாடி இருந்ததால் சுகுணாவுக்குத் தெரியவில்லை.

அத்திப்பள்ளியில் அந்த அம்மா என் அருகே வந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். டாக்டர் பூனையை ஒரு நாள் அங்கேயே வைத்திருந்து, இனி பயமில்லை என்று அனுப்பினார். வாலருகே கொஞ்சம் முடியைக் கத்தரித்திருக்கிறார். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறது. என்னைக் கண்டால் மட்டும் அறையை விட்டுப் போய்விடுகிறது.

சுகப்பிரசவமாகித் தாயும் சேயும் நலமாக வர எங்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பிரவீனாவுக்கு ஆசிகள் மட்டும் சொல்லுங்கள், வேறெதுவும் சொல்ல வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
சௌந்தரராஜன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது சுகுணா வாங்கிப் படித்தாள். "ஏங்க, சம்பந்திக்குப் போன வாரந்தான கண்ணு ஆபரேஷன் ஆச்சு? ஆப்பிள் வாங்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்ததே நீங்கதான? வர்ற லெட்டரெல்லாம் பிரவீனாதான படிச்சுக் காட்டுறா?" என்றாள். கிழிக்கப் போனேன், விடவில்லை. "அவ பூனை. அவளுக்குத் தெரியணும்" என்று உறையில் முகவரியும் எழுதிவிட்டாள். ஆகவே, அம்மா பிரவீனா, இதை நீதான் படித்துக்கொண்டிருக்கிறாய். முதலில் உட்கார். குல்பி சத்தியமாக நன்றாக இருக்கிறது. மாமாவை மன்னித்துவிடு. ஒரே ஒரு வேண்டுகோள்: இதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே. சேப்டி ஆபீசர் வீடு என்று நம்பிப் பெண் கொடுத்த மனிதர். 'எல்லோரும் நலம்' என்று மட்டும் சொல்லி மடித்து வைத்துவிடு. இதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டேதான் இவ்வளவு தூரம் வந்தாய் என்றால், சம்பந்தி, மறுபடியும் வணக்கம்.