ஊறுகாய் பாய் வெட்டிய கேபிள்

திருவள்ளூர் மாவட்டத்தில், ஏன், இந்த உலகத்திலேயே கேபிளை ஊறுகாய் போட்ட ஒரே மனிதர் எங்கள் ஊறுகாய் பாய்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இரண்டாயிரங்களின் நடுவில் திருவள்ளூரில் ஒரு சின்னக் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலைகளில் டவர் நட்டு, உச்சியில் ரேடியோப் பெட்டி மாட்டி, காற்று வழியே இன்டர்நெட் கொடுப்பது எங்கள் பிழைப்பு. பெட்டிக்குக் கரண்டு ஏறுவதும், அதிலிருந்து இன்டர்நெட் இறங்குவதும் ஒரே கேபிளில்தான். அதற்குப் பொறுப்பு பழவேற்காட்டுக்காரரான பாய்.

புதிதாக எந்தக் கேபிள் வந்தாலும் ஒரு முழம் வெட்டி, ஊறுகாய் ஜாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றிப் போட்டு, ஆபீஸ் மொட்டை மாடி வெயிலில் வைத்துவிடுவார். வரிசையாகப் பதினான்கு ஜாடிகள். தினமும் காலை நாஷ்டாவுக்கு முன்னால் ஒவ்வொரு துண்டாக எடுத்து வளைத்து, முகர்ந்து பார்ப்பார். தோல் வெடித்திருந்தால் அன்று முழுக்க அவர் வீட்டில் துக்கம் நடந்தது போல முகம் இருக்கும்.

ஒருமுறை ஆடிட்டர் மாடிக்கு வந்து, ஜாடிகளைப் பார்த்து நாக்கில் நீர் ஊற, "மாங்காயா பாய்?" என்றார்.

"இல்ல சார், ஆறு மாசத்துக் கேபிளு. தொட்டுக்கினு பாக்கறீங்களா?"

அந்த நேரத்தில்தான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையின் ஆர்டர் வந்தது. எங்கள் முதல் பெரிய ஆர்டர். வெள்ளிக்கிழமைக்குள் லைன் வரவேண்டும். ஜாடிக்கெல்லாம் நேரமில்லை என்று நான் புத்திசாலித்தனமாக ஒரு சாம்பல் நிறக் கேபிள் ரோலை வாங்கிக்கொண்டு போய் ஆலையில் டவர் அடியில் இறக்கினேன்.

பாய் பிளேடால் கம்பியைச் சுரண்டினார். உள்ளே வெள்ளை.

"இன்னா நைனா இது? மேல செம்புப் பூச்சு, உள்ள அலுமினியம். நூறடி ஏறறதுக்குள்ள கரண்டு களைச்சிப் பூடும். தோலு ஊட்டுக்குள்ள போடற தோலு. வெயில்ல வெடிச்சி, மழைத்தண்ணி நேரா பெட்டிக்குள்ள எறங்கும்."

பக்கத்தில் நின்ற எங்கள் முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. "இப்போதிக்கு இத்த ஏத்து பாய். அப்பால மாத்திக்கலாம்."

"அப்பால யாரு மாத்துவா மொதலாளி? ஏத்துனது ஏத்துனதுதான்."

"ஏத்தலன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராத!"

தாமதத்துக்குக் கோபித்த இரும்பாலை மேனேஜரைச் சமாதானப்படுத்த நானும் முதலாளியும் உள்ளே போய்விட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பினோம். பாய் டவர் அடியில் சம்மணமிட்டு, கட்டிங் பிளேயரால் ரோல் முழுவதையும் பீன்ஸ் மாதிரி நறுக்கிக் குவித்திருந்தார்.

"ஏத்தறேன் மொதலாளி. எந்தத் துண்ட ஏத்தட்டும்?"

புதுக் கேபிள் வாங்கிவரச் சொல்லி முதலாளி என்னை விரட்டினார். நான் மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்கு ஓடினேன். பாய் எழுதிக் கொடுத்தபடி, உள்ளே முழுச் செம்பு, சுற்றிலும் தகடு, தண்ணீர் புகாத பசை, வெயில் தாங்கும் கறுப்புத் தோல் எல்லாம் பார்த்து வாங்கி, தோளில் சுமந்து வந்தேன். கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்திலேயே பாய் அதைச் சுரண்டிப் பார்த்த பிறகுதான் என்னை நகரவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் லைன் வந்தது.

பாயின் வேலை போனதா, இருக்கிறதா என்று முதலாளி சொல்லவில்லை. பாயும் கேட்கவில்லை, தினமும் வந்துகொண்டிருந்தார். தப்புக் கேபிள் வாங்கிய என்னை முதலாளி பார்க்கும்போதெல்லாம் வறுத்தெடுத்தார்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு வாரத்தில் அந்தப் பேட்டையில் டவர் டவராக லைன் போனது. எங்கள் டவர் மட்டும் அசரவில்லை. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, பக்கத்து இரண்டு ஆலைகளின் ஆர்டரையும் வாங்கித் தந்தார்.

"யாருங்க இந்தக் கேபிள செலக்ட் பண்ணது?"

பாய் சட்டென்று என்னைக் காட்டினார். "இவருதான் சார். தோள்ல தூக்கினு வந்தாரு."

மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "பாய், நாளிக்கு சீக்கிரம் வா. ரெண்டு டவரு கீது" என்றார்.

வெளியே வந்ததும், "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"எனக்கு டவரு நின்னா போதும் நைனா. உன் பேருதான் கெட்டுக் கெடந்துச்சு."

அன்று மேனேஜர் தந்த பாராட்டை நானே வாங்கிக்கொண்டேன். இப்போது எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கேபிளைத் தேர்ந்தெடுத்தவர் பாய். நான் அவருக்குச் சுமந்து வந்தவன். அந்தப் பெருமையே எனக்குப் போதும்.