வாசலில் நின்ற சர்க்கரை

புண்ணாக்கு மூட்டைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்த ஐந்து கிலோ குதிரைவாலி அரிசியை இருளப்பசாமி வண்டியிலிருந்து இறக்கும்போதே எதிர்வீட்டு சுகந்தி பார்த்துவிட்டாள்.

“என்ன மாமா, மூட்டைக்கு அடியில இன்னொரு மூட்டை?”

“கோழிக்கு” என்றார் இருளப்பசாமி.

“ஒங்க வீட்டுல கோழியே கெடையாதே!”

“வாங்கப் போறேன்.”

அன்று சாயங்காலமே அவர் நான்கு கோழிகள் வாங்க வேண்டியதாயிற்று.

மறைக்கக் காரணம் இருந்தது. பரளச்சிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் மட்டுமே விளைந்த காலத்தில், ஊரே கஞ்சி குடித்தபோது, இருளப்பசாமியின் தாத்தா மூன்று வேளையும் நெல்லுச் சோறு வடித்தவர். அதனால் அந்த வீட்டுக்கு ‘நெல்லுச்சோத்து வீடு’ என்று பெயர். எல்லா வீட்டு அடுப்பிலும் அரிசி வேகிற இந்தக் காலத்திலும் அந்தப் பெயர் நிற்கிறது. ஒரு குடும்பத்துக்குப் பெயர் வர மூன்று தலைமுறை ஆகும். போவதற்கு ஒரு கஞ்சிச் சட்டி போதும். இது இருளப்பசாமிக்குத் தெரியும்.

ஒரு வாரத்துக்கு முன், அசதியாக இருக்கிறதென்று அருப்புக்கோட்டைக்குப் போய் ரத்தம் கொடுத்தார். டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சுகர் இன்னும் வரலை. வாசல்ல வந்து நிக்குது, அவ்வளவுதான். வெள்ளைச் சோத்தைப் பாதியாக் குறைங்க. காய்கறி நெறையச் சேருங்க. சிறுதானியம் சேத்துக்கிடலாம். தினமும் முக்கா மணி நேரம் நடங்க. மாத்திரை வேண்டாம். மூணு மாசம் கழிச்சு வாங்க, பாப்போம்.”

வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார்கள். இருளப்பசாமியின் காதில் விழுந்தது ‘வாசல்ல நிக்குது’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. அன்றிலிருந்து முகம் மழிக்கிற கண்ணாடியை வைத்து இரண்டு உள்ளங்கால்களையும் காலையிலும் மாலையிலும் சோதித்தார். தண்ணீர் தாகம் எடுத்தால் சர்க்கரை வந்துவிட்டது என்றார். தாகம் எடுக்காவிட்டால், தாகம் எடுக்கிற உணர்ச்சியே போய்விட்டது என்றார்.

“சித்திரை வெயில்ல தாகம் எடுக்காம பின்ன குளிரா எடுக்கும்?” என்றாள் அவர் மனைவி தங்கத்தாய்.

“ஒனக்கென்ன, நீ பேசுவ. ஒன் வாசல்லயா நிக்குது?”

உயிர்ப்பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. மகள் ரேணுகாதேவிக்கு எம்.ரெட்டியபட்டி அழகுராஜா வீட்டிலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. நல்ல குடும்பம். மாப்பிள்ளை மாரிக்கண்ணன் கோயம்புத்தூரில் என்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க வருகிறார்கள்.

“பரம்பரையில சுகர் இருக்குன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்? வெளிய ஒரு மூச்சுப் போகக் கூடாது.”

“ப்பா, கேட்டா உண்மையச் சொல்லிருவோம். இதுல என்னப்பா இருக்கு?” என்றாள் ரேணுகாதேவி.

“என்ன இருக்கா? மூணு தலைமுறைப் பேரு இருக்கு தாயி.”

மாரிக்கண்ணனுடன் அவள் போனில் இரண்டு முறை பேசியிருந்தாள். மூன்றாவது முறையும் பேச வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. அது அவள் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் இருளப்பசாமி இன்னும் பயந்தார்.

குதிரைவாலிக்குக் கோழி வாங்கியாகிவிட்டது. அடுத்தது நடை.

திங்கட்கிழமை காலை கண்மாய்க் கரைப் பாதையில் நடக்கத் தொடங்கினார். காரியம் இல்லாமல் நடக்கிற மனிதரை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. நூறு அடி போவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது.

“என்ன சின்னையா, நடந்து போறீக? ஏறுங்க.”

“வேண்டாம்ப்பா.”

“நான் இருக்கையில நீங்க நடந்தா ஊரு என்ன சொல்லும்? ஏறுங்கன்னேன்.”

மறுத்தால் கோபித்துக்கொண்டதாக ஆகும். ஏறினார். திருச்சுழியில் இறக்கிவிட்டான். அங்கே ஒரு வேலையும் இல்லாததால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நடக்கப் போனவர் பஸ்ஸில் திரும்பி வந்தார்.

செவ்வாய்க்கிழமை முன்னெச்சரிக்கையோடு போனார். “எங்க போறீக?” என்று கேட்டவர்களிடம், “ஆட்டைக் காணோம். தேடுறேன்” என்றார். ஆடு தேடுகிறவரை யாரும் வண்டியில் ஏற்ற முடியாது. சரியான உபாயம்தான்.

“என்ன ஆடு?”

“கறுப்புக் கிடா. நெத்தியில வெள்ளைப் பொட்டு.”

பொய்யென்றாலும் திருத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர் அவர். அங்கேதான் பிசகிவிட்டது. நெல்லுச்சோத்து வீட்டு ஆடு காணாமல் போனால் ஊர் கையைக் கட்டிக்கொண்டிருக்குமா? புதன்கிழமை அவருடன் சேர்ந்து ஆறு பேர் தேடினார்கள். வியாழக்கிழமை அவர் வீடு திரும்பியபோது, மாட்டுக் கொட்டத்தில் நெற்றியில் வெள்ளைப் பொட்டுடன் ஒரு கறுப்புக் கிடா கட்டியிருந்தது.

“கெடச்சிருச்சுன்னு கொண்டாந்து கட்டிட்டுப் போயிட்டாக. நம்ம ஆடு இல்லன்னு நான் எப்படிச் சொல்ல?” என்றாள் தங்கத்தாய்.

சற்று நேரத்தில் தரகர் சுப்புராஜ் மூச்சிரைக்க வந்தார். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். கொட்டத்தைப் பார்த்தார். இருளப்பசாமியைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அது எங்க குலசாமிக்கு நேந்துவிட்ட கிடா. ஒங்க கொட்டத்துல கெடக்கு. ஊரைக் கூட்டி நீங்கதான் தேடச் சொன்னதாச் சொல்லுறாக. நான் இதை என்னன்னு எடுத்துக்கிறது?”

ஆடு திருடியவன் என்ற பெயரா, சர்க்கரைக்காரன் என்ற பெயரா? இருளப்பசாமி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சுப்புராஜை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

“இது ஒன் நெஞ்சோட இருக்கணும்லே. ரெட்டியபட்டிக்குப் போகக் கூடாது.”

கொட்டத்துக்கு வந்ததும், “குலசாமி மேல சத்தியம் அண்ணாச்சி” என்று கிடாவின் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டு, அதை அவிழ்த்துக்கொண்டு போனார் சுப்புராஜ்.

அன்று இருளப்பசாமிக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கம் வராமல் இருப்பதும் சர்க்கரையின் அடையாளமா என்று போனில் தேடிப் பார்த்தார். ஆமாம் என்றது போன். எதைக் கேட்டாலும் அது ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம். அதற்குப் பிறகு யாரும் பின்வாங்குவதில்லை. கை நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று பொருள். காப்பி, தண்ணீர் எல்லாம் கணக்கில் சேராது. சாப்பாட்டில் கை பட வேண்டும்.

பதினொரு மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. அழகுராஜா இறங்கினார். இருளப்பசாமியைப் போலவே நிமிர்ந்த முதுகு, முறுக்கிய மீசை. தோள் துண்டின் நுனி மட்டும் வாயை மறைத்திருந்தது. பின்னால் அவர் மனைவி தங்கலட்சுமியும் மாரிக்கண்ணனும் வந்தார்கள்.

“வாங்க வாங்க! வெயிலு எப்படி?” என்றார் இருளப்பசாமி.

அழகுராஜா கும்பிட்டார். பேசவில்லை.

“ஒங்க பக்கம் பருத்தி எப்படி?”

தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். பேசவில்லை.

“வெயிலு கடுமைதான்” என்று தங்கலட்சுமி பதில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

மூன்று நாளைக்கு முன்புதான் இதே மனிதர் போனில் பருத்தியைப் பற்றி மட்டும் நாற்பது நிமிடம் பேசினார். இருளப்பசாமி சுப்புராஜைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“சொல்லிட்டியாலே?”

“சத்தியமா இல்ல அண்ணாச்சி!”

“பின்ன ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு?”

“அதான் எனக்கும் வெளங்கலை. வாயத் தொறந்தா மூட மாட்டாகளே!”

பலகாரத் தட்டு வந்தது. அழகுராஜா முறுக்கைப் பார்த்தார், அதிரசத்தைப் பார்த்தார், தட்டைக் கையால் தள்ளாமல் முழங்கையால் தள்ளினார். தெரிந்துவிட்டது என்று இருளப்பசாமி முடிவு கட்டினார். நான் இனிப்புத் தின்கிறேனா என்று சோதிக்கிறார்!

“எனக்கு அதிரசம்னா உசுரு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஒன்றை எடுத்துத் தின்றார். அழகுராஜா அவர் வாயையே உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்காமல் இன்னொன்றைத் தின்றார். அழகுராஜா பெருமூச்சு விட்டார். மூன்றாவதையும் தின்றார்.

அடுப்படி வாசலிலிருந்து தங்கத்தாய் கண்ணால் எரித்தாள். இருளப்பசாமிக்கு நெஞ்சு படபடத்தது. துண்டுக்குள் கைவிட்டு நாடியைப் பிடித்து எண்ணினார். இடது கால் மரத்துப்போனது. வாசலில் நின்றது உள்ளே வந்துவிட்டது என்று நினைத்தார். ஒரு மணி நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் எவருக்கும் கால் மரத்துப்போகும் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

இலை போட்டார்கள். வீட்டுப் பெயருக்கு ஏற்றாற்போல் சோறு பருக்கை பருக்கையாக வெள்ளை வெளேரென்று நின்றது. வடை, அப்பளம், மொச்சைப் பொரியல். வேனை ஓட்டிவந்த மணிகண்டனையும் கூப்பிட்டார்கள். “கொஞ்சம் சோலி கெடக்கு, வாரேன்” என்று அவன் வேனுக்குள்ளிருந்தே சொல்லிவிட்டான்.

எல்லோரும் அழகுராஜாவின் கையைப் பார்த்தார்கள். அந்தக் கை முழங்காலிலேயே இருந்தது.

“கைய வைங்க” என்றார் இருளப்பசாமி.

கை அசையவில்லை.

“வடை வேணும்னா இன்னும் மொறுமொறுன்னு போட்டுத் தரச் சொல்லுறேன்.”

அழகுராஜா கண்களை மூடிக்கொண்டார். மாரிக்கண்ணன் பக்கத்திலிருந்து, “அப்பா...” என்றான். அறைக்கதவின் ஓரத்தில் ரேணுகாதேவி நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

அதைக் கண்டதும் இருளப்பசாமிக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. மரத்த காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“எல்லாருக்கும் சொல்லுறேன். எனக்கு சுகர் வாசல்ல நிக்குது. ரெண்டு வாரமா இந்த வீட்டுல எனக்குக் குதிரைவாலிக் கஞ்சி. அதை மறைக்கத்தான் கோழி வாங்குனேன். நடக்குறதை மறைக்கத்தான் இல்லாத ஆட்டைத் தேடுனேன். எம் பொண்ணுக்கு ஒரு கொறையும் கெடையாது. உண்மையச் சொல்லிருவோம்னுதான் அவ சொன்னா. மறைச்சது நான். என்னை வச்சு அவள வேண்டாம்னு சொல்லிராதீக.”

இல்லாத ஆடு என்றதும் பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். இருளப்பசாமிக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியமாக இருந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாறை இறங்கிவிட்டிருந்தது. படபடப்பு இல்லை. காலில் மறுபடி உணர்வு வந்து சுள்ளென்று குத்தியது. தாகம் எடுத்தது. வெறும் தாகம்.

அழகுராஜா கண் திறந்தார். இலையை மெல்ல ஒதுக்கினார். அடுப்படிப் பக்கம் கைகாட்டி, சொம்பைத் தூக்கிக் குடிப்பதுபோல் சாடை செய்தார்.

“கஞ்சியா? அந்தக் குதிரைவாலிக் கஞ்சியா கேக்குறீக?” என்றாள் தங்கத்தாய்.

அழகுராஜாவின் தலை வேகவேகமாக ஆடியது.

ஒரு பெரிய சொம்பில் மோர் விட்ட கஞ்சி வந்தது. அழகுராஜா மணிக்கட்டு வரை கையை விட்டுக் கரைத்தார். துண்டை விலக்கி, சொம்பால் முகத்தை மறைத்துக்கொண்டு கடகடவென்று குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். அதையும் குடித்தார்.

“கை நனைச்சாச்சு!” என்று கத்தினார் சுப்புராஜ்.

குலவைச் சத்தம் எழுந்தது. ரேணுகாதேவி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மாரிக்கண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

இருளப்பசாமி மகள் பக்கம் திரும்பினார். “பாத்தியா தாயி! இதுதான் பெரிய மனுசத்தனம். எம் மானம் போயிரக் கூடாதுன்னு நெல்லுச் சோத்தை ஒதுக்கி வச்சுட்டு, நான் குடிக்கிற கஞ்சியவே வாங்கிக் குடிச்சாரு. அதையும் பெருமையா ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டாரா? இப்படிப்பட்ட சம்பந்தி எந்த ஜென்மத்துல கெடைக்கும்!”

அழகுராஜா அடக்கமாகத் தலைகுனிந்தார். தங்கலட்சுமி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அப்போது ஓட்டுநர் மணிகண்டன் ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை உயரத் தூக்கிப் பிடித்தபடி வாசலிலிருந்து ஓடிவந்தான்.

“மொதலாளி, கெடச்சிருச்சு! ஒங்க பல்லு செட்டு, மேல் வரிசை கீழ் வரிசை ரெண்டும் பின் சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. இனிமே நீங்க தாராளமா வாயத் தொறக்கலாம்!”